வாவிக்கரையில் ஈமு வளர்க்கலாமா?

அவுஸ்திரேலியக் கண்டத்துக்குரிய ஈமு என்னும் பெரும் பறவையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச எண்ணுகின்றேன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு இப்பறவையோடு என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு உண்டு. வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து, கடன்களைக் கொடுத்துத் தீர்த்தபின் கையில் மிஞ்சும் சிறு பணத்தை எதிற் போடலாம் என்று எண்ணும் குடும்பங்கள் எழுவான்கரையிலும் உள்ளன, படுவான்கரையிலும் உள்ளன. அத்தகையோரை நாடிப் புதுப்புது வளர்ப்புத் திட்டங்கள் காலந்தோறும் வருவதுண்டு. ஒரு காலம் முயல் என்பர். பிறிதொரு காலம் காடை என்பர். பின்னர் வான்கோழி என்பர். இத்தகைய திட்டங்களுள் மிகப் பெரிதாக எழுந்து மிகப் பெரிதாக வீழ்ந்தது, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் கொங்கு நாட்டில் நடந்த ஈமு வளர்ப்பேயாகும். பறவை பொய்யானதன்று, அது தரும் பொருள்களும் பொய்யல்ல. பின் எது பொய்த்தது என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

முதலிற் பறவையை அறிந்துகொள்வோம். கொங்கு நாட்டில் இதனை ‘ஈமுக்கோழி’ என்று வழங்கினர். அப்பெயரே பாதி மயக்கத்தை உண்டாக்கிற்று என்பது என் எண்ணம். கோழி என்றவுடன் முற்றத்தில் மேய்ந்து, மாலையிற் கூட்டில் அடைந்து, வாரத்திற் சில முட்டைகள் இடும் ஒரு பிராணி நம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. ஈமு கோழியினத்தைச் சேர்ந்ததன்று. தீக்கோழியைப் போலப் பறக்கமாட்டாத பெரும் பறவைகளுள் ஒன்று அது. இன்று உலகில் வாழும் பறவைகளுள் உயரத்தில் தீக்கோழிக்கு அடுத்தது இதுவே. நன்கு வளர்ந்த பறவை ஓர் ஆளின் உயரத்துக்குத் தலை நிமிர்த்தி நிற்கும். முப்பது முதல் நாற்பத்தைந்து கிலோ வரை நிறை இருக்கும். மணிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். காலால் முன்னோக்கி உதைத்தால் வேலிக்கம்பி அறுந்துபோவதும் உண்டு.

இதன் வலிமைக்கு ஒரு வேடிக்கையான சான்று கூறலாம். 1932 ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியாவின் காம்பியன் என்னும் பகுதியிலே கோதுமை வயல்களில் ஈமுக்கள் பெருங் கூட்டமாகப் புகுந்து பயிரை அழித்தன. அவற்றை ஒழிக்க அரசாங்கம் இயந்திரத் துப்பாக்கிகளோடு படைவீரரை அனுப்பிற்று. பறவைகள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஓடி ஒளித்துக்கொண்டன. துப்பாக்கி ரவைகள் தீர்ந்தனவே அன்றி ஈமுக்கள் தீரவில்லை. படையினர் திரும்பிச் சென்றனர். அந்நாட்டவர் இதனை இன்றும் ‘ஈமு யுத்தம்’ என்று நகைப்போடு நினைவுகூருகின்றனர். எனினும் அந்நாட்டின் இலச்சினையிற் கங்காருவோடு நிற்பதும் இதே பறவைதான்.

ஈமுவின் இல்வாழ்க்கை நம்மவர்க்கு வியப்பூட்டுவது. பெண் பறவை முட்டையிடுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். அடைகாப்பவன் தந்தை. ஏறத்தாழ எட்டு வாரம் அவன் கூட்டை விட்டு அகலான். உணவும் நீரும் இன்றியே பெரும்பாலும் கிடப்பான். உடல் நிறையில் மூன்றிலொரு பங்கை இழந்தபின் குஞ்சுகளோடு எழுவான். குஞ்சுகளை மாதக்கணக்காகக் காத்துத் திரிபவனும் அவனே. பெண் பறவை தொண்டைப் பையிற் காற்றை நிரப்பிப் பறை முழங்கினாற்போல ஒலியெழுப்பும், ஆண் உறுமும். வெளித்தோற்றத்தைக் கொண்டு ஆண் எது, பெண் எது என்று சொல்வது எளிதன்று. வளர்ந்த பறவையைக் குரலால் அறியலாம். குஞ்சாயின் பழகிய கையே பிரித்தறிய வல்லது. இச்செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொங்கு நாட்டிற் குஞ்சுகள் ‘சோடி சோடியாக’ விற்கப்பட்ட கதைக்கு வரும்போது இது பயன்படும்.

இனி, ஒரு சிறு பண்ணையில் இதனை வளர்ப்பது எவ்வாறு? முட்டை கரும்பச்சை நிறமானது. ஏறத்தாழ அரைக் கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. பத்துப் பன்னிரண்டு கோழிமுட்டைக்குச் சமம். பண்ணைகளிற் பொதுவாகப் பொறியில் வைத்தே குஞ்சு பொரிப்பிப்பர். கோழிமுட்டைக்கு வேண்டியதிலும் சற்றுக் குறைந்த சூடு போதும். ஆயின் ஐம்பது நாளுக்கு மேல் அச்சூடு மாறாது நிற்க வேண்டும். கோழிமுட்டையை விளக்கின்முன் பிடித்து உள்ளே கரு வளர்கின்றதா என்று பார்ப்போமல்லவா? ஈமு முட்டையின் ஓடு கறுத்துத் தடித்தது, விளக்கொளி ஊடுருவாது. எனவே நிறையைப் பார்த்தும் தட்டிப் பார்த்துமே கருவின் நிலையை ஊகிக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடத்தில் இது எவ்வளவு ஆபத்தான தொழில் என்பது சொல்லாமலே விளங்கும்.

குஞ்சுகள் வெண்மையும் கபிலமுமான வரிகளோடு, அணிற்பிள்ளையைப் போல அழகாயிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் உள்ள மஞ்சட்கருவே அவற்றுக்கு உணவு. வழுக்கும் தரையில் விட்டால் கால்கள் இரு பக்கமும் விரிந்து ஊனமாகிவிடும். சாக்கோ பாயோ விரித்தல் வேண்டும். மூன்று மாதத்தில் வரிகள் மறையும். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் பருவமடையும். முட்டையிடத் தொடங்கிய இணைக்கு நூறடி நீளமும் இருபத்தைந்தடி அகலமும் உள்ள ஓட்டவெளி வேண்டும் என்று தமிழ்நாட்டில் அறிவுறுத்தினர். சுற்றிலும் ஆளுயர வலைவேலி அவசியம். முட்கம்பி கூடாது, தோலைக் கிழித்துவிடும். ஓர் இணைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ அரைத் தொன் தீனி வேண்டும். சோளமும் சோயா அவரைப் பிண்ணாக்கும் தவிடும் அத்தீனியின் பெரும்பகுதி. கீரைவகைகளையும் தின்னும், நீர் நிறையக் குடிக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்தால் அது தருவன யாவை? இறைச்சியே முதலாவது. பறவையின் இறைச்சியாயினும் மாட்டிறைச்சியைப் போலச் சிவந்திருக்கும், கொழுப்புக் குறைவு, இரும்புச்சத்து மிகுதி. ஒரு வயதுக்கு மேற்பட்ட பறவையை அறுத்தால் எலும்பு நீங்கலாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ வரை கிடைக்கும். அடுத்தது எண்ணெய். முதுகின்மீது தடித்த படலமாகக் கொழுப்புச் சேர்ந்திருக்கும். அதனை உருக்கி வடித்தால் நாலைந்து லீற்றர் எண்ணெய் தேறும். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் நோவுக்கும் காயத்துக்கும் இதனைப் பூசிவந்தனர். இக்காலத்தில் மூட்டுவாதம் தொடங்கிப் பல நோய்கள் இதனால் தீரும் என்று விளம்பரம் செய்கின்றனர். அவ்விளம்பரங்களுக்கு மருத்துவச் சான்று போதாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகமும் இதனை நோய்தீர்க்கும் மருந்தாக அங்கீகரிக்கவில்லை. தோலுக்குச் சவர்க்காரத்துக்கும் களிம்புக்கும் உரிய நல்ல எண்ணெய் என்ற அளவில் அதனை மதிப்பதே முறை.

தோல் மூன்றாவது. இறகின் அடிகள் புள்ளிபுள்ளியாகப் புடைத்து நிற்பதால் பதனிட்ட தோல் அழகாயிருக்கும். கைப்பையும் செருப்பும் செய்வர். காற்றோலிலே பல்லித்தோல் போன்ற செதில் உண்டு. இறகோ ஓர் அடியிலிருந்து இரு தண்டாகப் பிரிவது. வேறு எந்தப் பறவைக்கும் எளிதிற் காணப்படாத அமைப்பு இது. மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசுமுன் தூசு துடைக்க அவ்விறகு விரும்பப்படுகின்றது. முட்டையோடு பல நிற அடுக்குடையதாதலின் செதுக்கு வேலைக்காரர் அதிற் சித்திரம் வெட்டுவர்.

கேட்கும்போது ஒரு பறவையில் எதுவும் வீணாகாது போலத் தோன்றுகின்றதல்லவா? உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் ஒரு தொழிற்சாலையைக் கேட்கின்றது. நாற்பது கிலோ நிறையும் உதைக்கும் காலும் உடைய பறவையை அறுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். இறைச்சியை உறைய வைக்கக் குளிரறை வேண்டும். கொழுப்பைச் சுத்திகரிக்க ஆலை வேண்டும். தோலைப் பதனிட ஈமுத்தோலின் இயல்பறிந்த தொழிலாளர் வேண்டும். பத்துத் தோலுக்காக எந்தப் பதனிடுவோரும் அடுப்பு மூட்டமாட்டார். இவையெல்லாம் அமைந்தபின், இதுவரை அவ்விறைச்சியைச் சுவைத்தறியாத மக்கள் அதனை விரும்பி வாங்க வேண்டும். வேலியும் தீனியும் குஞ்சும் தொடக்கம் மாத்திரமே. வளர்ப்பவன் கண்ணுக்கு அத்தொடக்கம் தெரிகின்றது, முடிவு தெரிவதில்லை.

இம்முடிவை எட்டாது இடையில் நின்றுபோன வரலாறு ஒரு நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. ஈமுவின் தாய்நாடாகிய அவுஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் வியாபார நோக்கிலான பண்ணைகள் எழுந்தன. அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியில் ஈமு மோகம் பரவிற்று. முட்டையிடும் ஓர் இணை ஆயிரக்கணக்கான டொலர் விலைக்குப் போயிற்று. அவ்விலையைக் கொடுத்தவர் யார்? இறைச்சி தின்பவர் அல்லர். புதிதாகப் பண்ணை தொடங்க விரும்பிய வேறொரு பண்ணையாளர். அவர் தம் குஞ்சுகளை அடுத்தவருக்கு விற்றார். அடுத்தவர் மற்றவருக்கு விற்றார். பண்ணை தொடங்குவோர் தொகை குறைந்த அன்றே விலை சரிந்தது. பத்தாண்டு முடிவதற்குள், தீனிபோட இயலாது வேலியைத் திறந்துவிட்டோரும் உண்டு.

இந்தியாவுக்கு ஈமு வந்தது அம்மோகம் அடங்கிவந்த 1990களின் பிற்பகுதியில். முதலில் ஆந்திரத்திற் பண்ணைகள் தோன்றின; பின்னர் மகாராட்டிரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பரவின. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை இதன் நடுவிடமாயிற்று. அங்கே சுசி ஈமு என்னும் கம்பனி பெரும் விளம்பரத்தோடு முன்னின்றது. அதனைப் பார்த்து வேறு பல கம்பனிகளும் கிளம்பின. சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் தோன்றினர்.

கொங்கு நாட்டார் ஏமாளிகள் என்று எவரும் நினைத்துவிடலாகாது. கோழி வளர்ப்பில் இந்தியாவிலேயே தேர்ந்தவர்கள் அவர்கள். நாமக்கல் முட்டைக்குப் பேர்பெற்றது. பல்லடம் இறைச்சிக்கோழிக்குப் பேர்பெற்றது. பல்லடத்தில் நல்லதோர் ஒப்பந்த முறை நெடுங்காலமாக நடந்துவருகின்றது. கம்பனி குஞ்சும் தீனியும் மருந்தும் தரும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் தருவான். ஆறேழு வாரத்துக்குள் கம்பனி கோழிகளை நிறுத்து எடுத்துக்கொண்டு வளர்ப்புக்கூலி கொடுக்கும். அக்கோழி மறுநாளே இறைச்சிக் கடைகளில் விற்றுப்போகும். ஈமுக் கம்பனிகள் காட்டிய ஒப்பந்தமும் கண்ணுக்கு இதுபோலவே இருந்தது: குஞ்சு தருவோம், தீனி தருவோம், மாதந்தோறும் பணம் தருவோம் என்றனர். பழகிய வடிவமாயிருந்தபடியால் மக்கள் நம்பினர். வேற்றுமை இரண்டே. பல்லடத்து விவசாயி கம்பனிக்குப் பெருந்தொகை கட்டுவதில்லை. ஈமு வளர்ப்பவன் கட்டினான். பல்லடத்துக் கோழிக்கு முடிவில் இறைச்சிக்கடை இருந்தது. ஈமுவுக்கு அஃது இல்லை.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒன்றரை இலட்சம் இந்திய ரூபா கட்டினால் ஆறு குஞ்சுகள்; மாதம் ஆறாயிரம் ரூபா; இரண்டாண்டின் முடிவிற் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்பது விளம்பரத்தின் சாரம். இரண்டாண்டுக்கு மாதப் பணம் மாத்திரம் ஒரு இலட்சத்து நாற்பத்து நாலாயிரம். முதலையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம். ஆறு பறவைக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு நாற்பத்தொன்பதாயிரம் ரூபா. தீனிச் செலவு இதிற் சேரவில்லை. இனி ஒரு பறவை தருவதைப் பாருங்கள். பதின்மூன்று கிலோ இறைச்சி. கிலோ ஐந்நூறு ரூபா என்று தாராளமாக வைத்தாலும் ஆறாயிரத்து ஐந்நூறு. ஐந்து லீற்றர் எண்ணெய். லீற்றர் இரண்டாயிரம் என்று வைத்தாற் பத்தாயிரம். தோலுக்கும் இறகுக்கும் இன்னும் சில ஆயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபதாயிரத்தை எட்டுவதே அரிது. கொடுப்பதாகச் சொன்னதிற் பாதிகூட இல்லை. மிகுதி எங்கிருந்து வந்தது? அடுத்து வந்தவன் கட்டிய ஒன்றரை இலட்சத்திலிருந்து வந்தது. பறவையைக் கண்ணாற் காணாமலே பணம் கட்டினாலும் மாதப் பணம் தருவோம் என்று வேறொரு திட்டமும் இருந்தது. வளர்க்காதவனுக்கும் வளர்ப்புக்கூலி கொடுக்கும் தொழில் எது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

கணக்கு இவ்வளவு எளிதாயிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தது ஏன் என்று கேட்கலாம். அயல்வீட்டானுக்கு மாதந்தோறும் பணம் தவறாது வந்தது. அதைவிடச் சான்று வேறு எது வேண்டும்? பண்ணைகளுக்கு விருந்தினராகச் சென்றவர்கள் பறவைகளைக் கண்ணாரக் கண்டனர். பொருளைக் காணாது பணம் போடும் சீட்டு மோசடிகளிலும் இது கொடியது என்பேன். ஏனெனிற் பறவை உயிரோடு வேலிக்குள் நின்றது. நிற்கும் பறவையை யார் பொய் என்பார்? சோடியாக விற்ற குஞ்சுகள் உண்மையிற் சோடிதானா என்று அறியவும் பலருக்கு வழியில்லை. அறியவேண்டிய அவசியமும் அவர்களுக்குத் தோன்றவில்லை. முட்டையினாலோ இறைச்சியினாலோ அவர்களுக்கு வருமானம் வரவில்லையே. வந்தது மாதப் பணம்.

2012 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாதப் பணம் நின்றது. பெருந்துறை அலுவலகம் பூட்டப்பட்டது. பணம் போட்டவர்கள் திரண்டு பொலிசாரிடம் முறையிட்டனர். மற்றைய கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. முதலீட்டாளர் நலனைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டின் 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் கோயம்புத்தூரிலுள்ள சிறப்பு நீதிமன்றம் கம்பனி நடத்தியோருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. போட்ட பணம் முழுவதும் எவர்க்கும் எளிதிற் திரும்பவில்லை.

வாயற்ற பறவைகளின் கதி அதனிலும் இரங்கத்தக்கது. தீனி வருவது நின்றவுடன் ஆயிரக்கணக்கான ஈமுக்கள் பசியால் வாடின, பல இறந்தன. அரசாங்கத்தின் கால்நடைப் பராமரிப்புத் துறை தீனி போட நேர்ந்தது. வளர்த்தவர்களாலும் விற்க முடியவில்லை, வாங்குவார் இல்லை. மருந்தெண்ணெயும் விலையுயர்ந்த தோலும் சத்துள்ள இறைச்சியும் தரும் என்று புகழப்பட்ட அதே பறவை, இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வார் இன்றி நின்றது. பறவையிடம் ஒரு குறையும் உண்டாகவில்லை என்பதை மறந்துவிடலாகாது. நேற்றிருந்த இறைச்சியும் எண்ணெயும் இன்றும் அதனுள் இருந்தன. அவற்றை வெளியே கொணர்ந்து உண்பார் கையிற் சேர்க்கும் வழி மாத்திரம் ஒருநாளும் இருந்ததில்லை.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியைச் சூழ்ந்த நிலம் ஈமுவுக்கு ஏற்றதா? வெப்பத்தை அப்பறவை தாங்கும். ஆயின் அதன் முட்டைப் பருவம் பகற்பொழுது குறுகுவதோடு தொடர்புடையது. அவுஸ்திரேலியாவிற் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பகலின் நீளம் மணிக்கணக்காக வேறுபடும். மட்டக்களப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் உட்பட்டது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேற்றுமை ஒரு மணிக்கும் குறைவு. இத்தகைய இடத்தில் முட்டைக் கணக்கைப் பிற நாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருமானம் கணிப்பது தகாது. அன்றியும், வடக்கு நாடுகளில் ஈமு முட்டையிடும் குளிர்மாதங்கள் நமக்கு மாரி. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையில் வாவி பெருகிப் படுவான்கரை வழிகள் நீரில் மூழ்குவதை யார் அறியார்? 2011 சனவரி வெள்ளத்தில் ஆடுமாடுகளையே காக்க முடியாது தவித்தோம். ஆளுயர வேலிக்குள் அடைபட்ட பறவையை வெள்ளத்தினின்றும் எங்கே ஓட்டிச் செல்வது?

தீனி இன்னொரு தடை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் சோளமும் சோயாவும் கிடையாது, கிடைத்தாலும் விலை தாளாது, இலங்கையின் சிறு கோழிப்பண்ணைகள் பல மூடப்பட்டதை அனைவரும் அறிவர். 2023 இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்கும் நிலை வந்தது. ஆறு வாரத்தில் விற்றுப்போகும் கோழியை வளர்த்தவர்களே தாங்காத இடியை, ஒன்றரை ஆண்டு தின்றபின் விலைப்படும் ஒரு பறவையை வைத்திருப்பவன் எவ்வாறு தாங்குவான்? மேலும், வெளிநாட்டுப் பறவையையோ அதன் முட்டையையோ நினைத்தபடி நாட்டுக்குள் கொண்டுவர இயலாது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பறவைக்காய்ச்சல் உலகெங்கும் அஞ்சப்படும் இக்காலத்தில் அக்கட்டுப்பாடு நியாயமானதே.

இவ்வளவும் கூறியது வளர்ப்புத் தொழிலே வேண்டாம் என்பதற்காக அன்று. நம் பகுதியில் வழிவழியாக நடக்கும் ஒரு தொழிலைப் பாருங்கள். மட்டக்களப்பு எருமைத் தயிர் நாடெங்கும் பெயர் பெற்றது. பட்டிக்காரர் காலையிற் கறந்த பால் அன்றே காய்ச்சி உறையிடப்படுகின்றது. மண்சட்டி நீரை உறிஞ்சித் தயிரைக் கட்டியாக்குகின்றது. சட்டி செய்யும் குயவர், பால் சேர்ப்போர், பஸ் வண்டியில் ஏற்றி விடுவோர், கொழும்பு வீதியோரத்திற் சட்டியை அடுக்கி விற்போர் என்று ஒரு சங்கிலி முழுமையாக நிற்கின்றது. முதலில் உண்பவன் தோன்றினான். அவனுக்காகவே பட்டிகள் பெருகின. எருமைக்கும் இடர் உண்டு. மேய்ச்சற்றரை ஆண்டுக்காண்டு சுருங்குகின்றது. வயல் விதைத்த காலத்திற் பட்டிகளைக் காட்டோரம் சாய்ப்பதற்கு இடம் தேடித் திரிகின்றனர். எனினும் அவ்விடர் பாலை வாங்குவார் இல்லாத இடர் அன்று.

பட்டி வைக்க வசதியில்லாத குடும்பத்துக்கு நாட்டுக்கோழி இருக்கின்றது. தாய்மார் இதனை நன்கு கேட்கவேண்டும். நாட்டுக்கோழி ஆண்டில் இடும் முட்டை ஐம்பது அறுபதை அதிகம் தாண்டாது என்று அதனை இகழ்வோர் உண்டு. அக்குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் அது அடைகிடப்பதிலும் குஞ்சோடு திரிவதிலும் கழிக்கும் காலமே. இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரித்தபின் சில கிழமைகளிற் குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து, ஒரு கூடைக்குள் வெப்பமாக வைத்துக் குறுநெல்லும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கறையானும் கொடுத்து வளர்த்தால், தாய் விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும். வழக்கமாகக் குஞ்சுகளுட் பாதியைப் பருந்தும் கீரியும் நோயும் கொண்டுபோகின்றன. கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்திக் காலில் நிறுத்தினால் கீரிக்கும் வெள்ளத்துக்கும் ஒருங்கே தப்பலாம். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் நியூகாசில் நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. ஊரில் நாலைந்து வீட்டார் ஒன்றுசேர்ந்து கேட்டால், ஒரு குப்பி மருந்து வீணாகாது எல்லாக் கோழிக்கும் போதும். இவற்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா எவரிடமும் கட்டவேண்டியதில்லை. முட்டையை விற்க ஊர்க்கடை இருக்கின்றது. சேவலை விற்க வருடப் பிறப்பும் பெருநாளும் இருக்கின்றன.

புதிய பிராணி எதுவும் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் போன்ற இடங்களில் ஆராய்ந்து பார்க்கட்டும். இறைச்சியும் எண்ணெயும் பதனிடும் ஆலை ஒன்று முதலில் எழட்டும். அதன்பின் வேலி போடுவோம். ஆனால் யாரேனும் ஒருவர் அழகிய அச்சுத்தாளோடு உங்கள் வாசலுக்கு வந்து, ஈமுவோ வேறெந்த உயிரோ தருகின்றேன், பணம் கட்டுங்கள், மாதந்தோறும் பணம் வரும் என்று சொன்னால், அப்பிராணியைப் பற்றி ஒன்றும் கேளாதிருங்கள். அதனை அறுக்கும் இடம் எங்கே, சென்ற ஆண்டு எத்தனை அறுத்தீர்கள், அதன் இறைச்சியை எந்தக் கடையில் இன்று நான் காசு கொடுத்து வாங்கலாம் என்று கேளுங்கள். சேருவோர் பணத்தால் முன்னையோருக்குப் பணம் கொடுக்கும் பிரமிட்டு முறைத் திட்டங்கள் நம் நாட்டில் வங்கிச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டவை. இலங்கை மத்திய வங்கிக்கு முறையிடலாம்.

மாரி தொடங்குமுன், புரட்டாசி மாதத்துக்குள், கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துவிடுதல் நன்று. மழை பிடித்தபின் நோய் பரவினாற் காப்பது கடினம். உங்கள் பிரிவிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கோழிகளின் தொகையைச் சொல்லி நாள் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தைக் குளிர் மாறாது பனிக்கட்டியோடு கொண்டுவர வேண்டும். வெயிலில் வைத்த மருந்து தண்ணீருக்குச் சமம். மாலையிற் கோழிகள் கூட்டில் அடைந்தபின் பிடித்துக் கொடுப்பது இருவருக்கும் எளிது.